திம்மிரி உந்தா?

என் மாமியார் என்னைப் பற்றி ஊரறியச் சொன்ன முதல் வார்த்தை ‘திமிரு’. கல்யாணமாகி மூன்றாம் மாதம், குஷாய்குடா குவார்ட்டர்ஸில் ஒரு வளைகாப்பு. பந்தியில் எனக்கு இலை போட்டவர்கள் சோறு வைக்காமல் தாண்டிப் போய்விட்டார்கள். பக்கத்து இலைக்கு ரசம் வந்த பிறகும் என் இலை காலியாகவே இருந்தது. நான் இலையை மடித்து வைத்துவிட்டு எழுந்து வீட்டுக்கு நடந்துவிட்டேன். ‘இன்னா திமிரு பாத்தியா அவளுக்கு’ என்று அத்தை பத்துப் பேர் முன்னால் சொன்னது மாலைக்குள் என் காதுக்கு வந்துவிட்டது. ஏழு வருஷம் கழித்தும் அந்தச் சொல்லை எங்கே கேட்டாலும் எனக்குச் சுருக்கென்று ஏறும். அதே சொல் என் வைத்தியத்துக்குள்ளும் புகுந்து காலை வாரும் என்று யார் கண்டது?

நான் கோவில்பட்டிக்காரி. பெயர் கோமதி. ஒரு பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்புக்கு பயாலஜி டீச்சர். என் கணவர் சேகர், குஷாய்குடாவின் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. அவருடைய அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர் என்பதால் அவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். வீட்டில் வேலூர்த் தமிழ், வெளியே தெலுங்கு, கோபம் வந்தால் உருது. எனக்கோ தெலுங்கு ஒட்டவே இல்லை. பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் தமிழ், கடையில் விரல். ‘ஏழு வருஷமா இந்த ஊர்ல இருக்கே, கத்துக்கக் கூடாதா?’ என்று சேகர் கேட்கும்போதெல்லாம், ‘தமிழ் தெரிஞ்சா தெலுங்கு பாதி தெரிஞ்ச மாதிரிதானே?’ என்பேன். மீதிப் பாதிதான் என்னைக் கவிழ்த்தது.

விமானங்கள் இன்னும் பழைய பேகம்பேட்டை விமான நிலையத்தில் இறங்கிக்கொண்டிருந்த காலம். கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலி இல்லை. வலி இல்லாத எதற்கும் நான் டாக்டரிடம் போனதில்லை. அத்தைதான் தலைவாரும்போது பார்த்துவிட்டு, ‘ஏண்டி, இது இன்னா, பொடைச்சிக்கினு இருக்குது?’ என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். கட்டியிலிருந்து துணுக்கு வெட்டியெடுத்துப் பார்த்ததில் லிம்ஃபோமா என்று வந்தது. நிணநீர் முடிச்சுகளில் வரும் புற்றுநோய். டாக்டர் மாதவி என்னைவிடச் சின்னவராக இருந்தார். ‘இது குணமாகக்கூடிய வகை. ஆறு தவணை கீமோ, மூன்று வாரத்துக்கு ஒன்று’ என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். நான் ‘குணமாகக்கூடிய’ என்பதைக் கேட்கவில்லை. என் ஆறு வயது மகள் தாரணிக்குப் பின்னல் போடத் தெரியாதே என்றுதான் ஓடியது.

முதல் தவணையிலேயே சிஸ்டர் ஸ்வரூபாவோடு எனக்குச் சண்டை. நரம்பு கிடைக்காமல் இரண்டு முறை குத்தினாள். மூன்றாவதுக்கு ஊசியை எடுத்தபோது நான் ஆங்கிலத்தில், ‘தெரிந்தவர் யாராவது இருந்தால் கூப்பிடுங்கள்’ என்றேன். அவள் முகம் சிவந்து போயிற்று. அவளுக்கு இருபத்து நாலு, இருபத்தைந்து வயதிருக்கும். பிறகு மருந்துகள் ஏறின. சிவப்பாக ஒன்று ஏறியது, அதைப் பார்த்தாலே பயம். கடைசியில் சின்னக் குழாயில் தண்ணீர் போல ஒன்று, இரண்டே நிமிஷம். அதை நான் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை.

இரண்டாம் தவணைக்குப் போனேன். சேகர் கீழே மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்தார். ஸ்வரூபா ஃபைலோடு வந்து, என் முகத்தைப் பார்க்காமல் தெலுங்கில் கேட்டாள். ‘வாந்துலு உன்னாயா?’ வாந்தியைக் கேட்கிறாள். லேது, இல்லை. ‘ஜ்வரம் உந்தா?’ காய்ச்சல். லேது. தெலுங்கு இவ்வளவுதானா என்று எனக்குள் ஒரு தெம்பு. அடுத்து கேட்டாள்: ‘திம்மிரி உந்தா?’

திமிர் இருக்கிறதா என்கிறாளே! போன தடவை சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு குத்திக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். நோயாளியிடம் கேட்கிற கேள்வியா இது? ‘லேது! அதெல்லாம் எனக்கு லேது!’ என்று வெடுக்கென்று சொன்னேன். அவள் ஃபைலில் குறித்துக்கொண்டாள். நான் சேகரிடம் இதைச் சொல்லவும் இல்லை. சொன்னால் அவர் சிரிப்பார், ‘அந்தப் பொண்ணுக்குக் கூடத் தெரிஞ்சு போச்சா’ என்பார், எனக்கு எதற்கு வம்பு.

அந்தத் தவணை முடிந்த பிறகு விரல் நுனிகளிலும் பாதத்திலும் எறும்பு ஊர்வது போல ஒரு உணர்ச்சி வர ஆரம்பித்தது. சட்டைப் பொத்தான் போட விரல் தடவியது. படுத்தே கிடந்தால் மரத்துத்தான் போகும் என்று விட்டுவிட்டேன். தலையில் ஒரு மயிர் இல்லை, வாயெல்லாம் புண், இதில் எறும்பு ஊர்கிறது என்று போய்ச் சொல்வார்களா? மூன்றாம் தவணைக்குப் போனபோது ஸ்வரூபா அதே மூன்று கேள்விகளைக் கேட்டாள். நானும் அதே பதிலைச் சொன்னேன், இன்னும் கொஞ்சம் விறைப்பாக.

மூன்றாம் தவணை முடிந்து எட்டாம் நாள் காய்ச்சல் கொதித்தது. ரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏறக்குறைய இல்லை என்றார்கள். வெள்ளணுதான் கிருமியோடு மல்லுக்கட்டுவது. அது இல்லாவிட்டால் சாதாரணத் தடுமல்கூட ஆளைக் கொண்டுபோய்விடும். அதனால் தனி அறையில் அடைத்துவிட்டார்கள். ஜன்னல் உண்டு, ஆனால் திறக்காது. கதவில் ஒரு சதுரக் கண்ணாடி. பூ கூடாது, பழம் கூடாது, தொடக் கூடாது, குழந்தை உள்ளே வரவே கூடாது. என் நல்ல நேரம், அந்த வார்டில் ஸ்வரூபாவுக்கு டியூட்டி. தினமும் காலையில் முகமூடிக்கு மேலே தெரியும் இரண்டு கண்களோடு வந்து, திம்மிரி உந்தா என்பாள். பதினோரு நாள் நான் லேது சொன்னேன்.

அந்தப் பதினோரு நாளில் எனக்குள்ளும் எல்லாம் அடைத்துக்கொண்டது. ஆறு நாளாக வயிறு இளகவில்லை. தாடை வலித்தது. மூச்சு வெளியே போய் அதே மூச்சு உள்ளே வருகிற மாதிரி இருந்தது. கத்தலாம் என்று தோன்றும். கத்தினால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாருக்கும் கேட்காது. ஒரு நாள் கழிவறைக்குப் போய்த் திரும்பிப் படுத்த பிறகுதான் பார்த்தேன், என் இடது செருப்பு வழியில் கிடந்தது. கழன்று விழுந்தது எனக்குத் தெரியவே இல்லை. ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளணு ஏறினால் எல்லாம் சரியாகும் என்று எனக்கு நானே பாடம் நடத்திக்கொண்டேன்.

அத்தை தினமும் இரண்டு பஸ் மாறி வருவார். குக்கரில் குழையவிட்ட சோறும் பருப்பும், ஆவி பறக்கிற டப்பாவில். கண்ணாடிக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் கடைசிக் கவளம் விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். காலி இலையோடு என்னை எழவைத்த அந்தப் பந்திக்கு இந்த அம்மாள் கணக்குத் தீர்க்கிறாரோ என்று நினைத்து, ஒருநாள் எனக்கு அழுகை வந்துவிட்டது. ‘அழுவாத, துன்னு’ என்று சைகை காட்டினார்.

பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சேகர் தாரணியைக் கூட்டிவந்திருந்தார். கண்ணாடியில் மூக்கை அழுத்திச் சிரித்தாள். பிறகு அப்பாவின் செல்போனை வாங்கி, தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்து என்னோடு பேசினாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பாதி தெலுங்கிலும் பாதி ஆங்கிலத்திலும் பதில் சொல்வாள். அரை மணி நேரம் ஸ்கூல் கதை. எழுந்திருக்கும்போது ‘ஆ’ என்று ஒற்றைக் காலில் நொண்டினாள்.

‘என்னட்டி ஆச்சு?’

‘காலு திம்மிரி எக்கிந்தி மம்மி.’

‘காலுக்குத் திமிரா? யாரு உனக்கு இந்தப் பேச்செல்லாம் சொல்லிக் குடுத்தா?’

‘திமிர் காது, திமிர் இல்ல, திம்மிரி! அதே... சீமலு பாக்கினட்டு. எறும்பு! காலுக்குள்ள எறும்பு போற மாதிரி இருக்குல்ல? அது.’ பிறகு காலை இரண்டு உதறு உதறினாள். ‘உதறினா போயிடும். சூடு, பாரு, போயிந்தி!’

அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு டாட்டா காட்டிவிட்டுப் போய்விட்டாள். நான் கட்டிலில் உட்கார்ந்து என் காலை உதறினேன். இன்னொரு முறை உதறினேன். போகவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். தூக்க வரவில்லை. பாதம் என் பேச்சைக் கேட்காமல் தரையிலேயே கிடந்தது. பதின்மூன்று தடவை கேட்டிருக்கிறாள். பதின்மூன்று தடவையும் லேது என்றிருக்கிறேன். அடி பைத்தியக்காரி, எறும்பு ஊர்கிறதா என்றல்லவா கேட்டாள்!

உடனே மணியை அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை, ஏனென்றால் பயம். கீமோ ஹாலில் ஒரு அம்மாள் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது: மருந்தைப் பாதியில் நிறுத்தினால் கட்டி திரும்பி வந்துவிடுமாம். அடுத்த வாரம் நாலாவது தவணை. கால் போகிறது என்று சொன்னால் மருந்தை நிறுத்துவார்கள். சொல்லாவிட்டால் கால் போகும். தாரணிக்கு நான் உயிரோடு வேண்டும். நடந்தும் வேண்டும். எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. கரும்பலகை முன்னால் நாற்பத்தைந்து நிமிஷம் நிற்கிறதுதான் என் பிழைப்பு. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். ஒரு மணி நேரம் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். உதறினால் போய்விடும் என்று அந்தக் குழந்தை அவ்வளவு நிச்சயமாகச் சொன்னதுதான் என்னைப் போட்டு அறுத்தது. மணியை அடித்தேன்.

ஸ்வரூபா வந்தாள்.

‘சிஸ்டர், திம்மிரி உந்தி.’

அவள் கண்கள் விரிந்தன. ‘எப்பட்னுஞ்சி?’

எப்போதிலிருந்து என்கிறாள். இரண்டு விரலைக் காட்டினேன். ‘செகண்ட் சைக்கிள்.’

‘அய்யோ! மீரே லேது அன்னாரு கதம்மா! ரோஜூ அடிகானு கதா!’ நீங்கள்தானே இல்லை என்றீர்கள், தினமும் கேட்டேனே என்று பதறினாள். ஃபைலை மளமளவென்று புரட்டினாள். எல்லாப் பக்கத்திலும் அவள் கையெழுத்துதான். திட்டு விழப்போவது அவளுக்கு என்று அப்போதுதான் உறைத்தது. ‘மை மிஸ்டேக் சிஸ்டர், உங்க தப்பு இல்ல. டாக்டர்ட்ட நான் சொல்லுதேன்’ என்று ஆங்கிலமும் தமிழுமாகச் சொன்னேன். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ, என் பாதத்தைக் கையிலெடுத்து வைத்துக்கொண்டு தலையைத் தலையை ஆட்டினாள்.

மறுநாள் டாக்டர் மாதவி ரப்பர் சுத்தியலால் என் கணுக்காலின் பின்புறம் தட்டினார். பாதம் துள்ள வேண்டும், துள்ளவில்லை. காலில் சின்னச் சின்ன மின் அதிர்ச்சி கொடுத்து, நரம்பில் செய்தி எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கும் சோதனையும் நடந்தது. முழங்காலுக்குக் கீழே போகப் போக செய்தி தேய்ந்துகொண்டே போயிற்று. சேகரையும் முகமூடி போட்டு உள்ளே அழைத்தார். நான் திமிர் கதையைச் சொன்னேன். சேகர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் அழுததைவிட அவர் அழுததுதான் எனக்குத் தாங்கவில்லை.

‘நீங்கள் பயாலஜி டீச்சர்தானே, செல்லின் படம் எப்படி வரைவீர்கள்?’ என்று கேட்டார் டாக்டர்.

எப்படி வரைவேன்? முட்டை வடிவில் ஒரு கோடு, நடுவில் உட்கரு, சுற்றிலும் மற்றதெல்லாம் ஆணியடித்த மாதிரி அங்கங்கே. வருஷா வருஷம் அதே படம். ‘உள்ளே எதுவும் நிற்பதில்லை, எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று சொல்லி, ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் வரைந்தார். காலுக்கு வரும் நரம்பு செல்லின் உடல் இடுப்பருகே தண்டுவடத்தில் இருக்கிறது. அதன் வால் மட்டும் கால் கட்டைவிரல் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். விரல் நுனிக்கு வேண்டிய சரக்கு பெரும்பாலும் தயாராவது மேலே. செல் அதைச் சின்னச் சின்னக் குமிழ்களாகப் பொட்டலம் கட்டுகிறது. அந்தக் குமிழுக்குத்தான் வெசிக்கிள் என்று பெயர். வாலின் நெடுக நுண்குழல்கள் தண்டவாளம் போலக் கிடக்கின்றன. அவை செல்லின் எலும்புக்கூட்டில் ஒரு பகுதி. கைனெசின் என்றொரு புரதம் குமிழைச் சுமந்துகொண்டு, இரண்டு கால் வைத்து அந்தக் குழல்மேல் நடந்தே போகிறது. டைனீன் என்ற வேறொன்று, பழையதையும் கழிவையும் சுமந்துகொண்டு எதிர்த்திசையில் வருகிறது. வேகமான சரக்கே நாளொன்றுக்கு ஒரு முழம் தாண்டாது. இடுப்பிலிருந்து கட்டைவிரலுக்குப் போக எப்படியும் மூன்று நாள்.

‘அந்தத் தண்ணீர் போன்ற மருந்து, வின்கிரிஸ்டின், இந்தக் குழல்களைக் கட்டவிடாமல் குலைக்கிறது’ என்றார். புற்று செல் இரண்டாகப் பிரியும்போது இதே குழல்களைக் கொண்டுதான் குரோமோசோம்களை இழுத்துப் பங்கு போட்டுக்கொள்கிறது. குழல் இல்லாவிட்டால் பங்கு இல்லை, செல் செத்துப்போகிறது. ஆனால் மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. நரம்பின் தண்டவாளத்தையும் சேர்த்துப் பெயர்த்துவிடுகிறது. குடலின் நரம்புக்கும் இதே கதி, அதனால்தான் வயிறும் நின்றுபோனது. எந்த வழி மிக நீளமோ அதன் கடைசி வீடு முதலில் பட்டினி கிடக்கிறது.

‘ஹவ், லைன் பிளாக்கு’ என்று உருதுவில் ஆமாம் போட்டார் சேகர், ரயில்வே காலனியில் வளர்ந்த பிள்ளையாக.

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்தக் கைனெசினை நான் ஒரு மார்க் கேள்வியாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் காலுக்குள் அது சுமையோடு பாதி வழியில் நிற்கிறது.

‘நாலாவது தவணையிலிருந்து இந்த மருந்து வேண்டாம். மற்ற மூன்று மருந்தும் தொடரும்’ என்றார் டாக்டர்.

‘அது போதுமா டாக்டர்? திரும்பி வராதே?’

‘போதும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கால் இல்லாமல் உங்களை வீட்டுக்கு அனுப்பவும் மாட்டேன்.’ கதவருகே போனவர் திரும்பி, ‘இந்த மருந்து எதிலிருந்து வந்தது தெரியுமா? பில்ல கன்னேரு’ என்றார். நித்தியகல்யாணி என்று மொழிபெயர்த்தார் சேகர். அத்தை தினமும் வாசல் தொட்டியிலிருந்து பறித்துச் சாமிக்கு வைக்கிற அதே பூ. அத்தையிடம் சொன்னபோது, ‘அந்தப் பூவா உன் கால வாங்கிச்சு?’ என்று கன்னத்தில் கை வைத்தார். ‘அதுதான் அத்தே கட்டியையும் கரைச்சுது’ என்றேன். வீட்டுக்குப் போய்ச் செடியைப் பிடுங்கவும் மனமில்லாமல் பூப்பறிக்கவும் மனமில்லாமல், தண்ணீர் மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தாராம்.

மருந்தை நிறுத்தினால் மறுநாளே கால் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. நிறுத்திய பிறகும் சில வாரம் மோசமாகும் என்று டாக்டர் சொன்னபடியே ஆயிற்று. எறும்பும் போய்விட்டது. முதலில் சந்தோஷப்பட்டேன், பிறகுதான் புரிந்தது, போனது எறும்பல்ல, கால். கிள்ளினாலும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்த அன்று மூன்று மாடியும் உட்கார்ந்து உட்கார்ந்து பின்னோக்கி ஏறினேன். ஒவ்வொரு படியிலும் அத்தை என் பாதத்தைத் தூக்கி அடுத்த படியில் வைத்தார். ஆறு தவணையும் முடிந்து ஸ்கேனில் கட்டி இல்லை என்றார்கள். எல்லாரும் இனிப்பு சாப்பிட்டார்கள். எனக்கு மட்டும் அது இறங்கவில்லை. பாதம் தொங்காமலிருக்க பிளாஸ்டிக் பட்டை கட்டிக்கொண்டு அதே ஜன்னல், அதே கட்டில், மாதக்கணக்கில். ஆஸ்பத்திரியின் கதவு திறந்துவிட்டது, என் உடம்பின் கதவு திறக்கவில்லை. ‘கைக்கு ஃபிகர் பண்றே, வரும்’ என்று, எதற்குக் கவலைப்படுகிறாய் என்பதை உருதுவில் கலந்து சேகர் தேற்றுவார். நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான் வளரும் என்று நான் கத்துவேன்.

ஏழாவது மாதம் பரிசோதனைக்குப் போனோம். ஸ்வரூபா ஃபைலோடு வந்தாள். எனக்காகவே ஒரு தமிழ்ச் சொல் கற்று வைத்திருந்தாள். ‘திம்மிரி உந்தாம்மா? எறும்பு?’ என்று விரல்களால் காற்றில் ஊர்ந்து காட்டினாள்.

அன்று காலை குளிக்கும்போது இடது கட்டைவிரலில் ஏதோ ஊர்ந்தது. குனிந்து பார்த்தேன், ஒன்றுமில்லை. தண்ணீராக இருக்கும் என்று யாரிடமும் சொல்லாமல் வந்திருந்தேன். இப்போது அவள் கேட்கும்போதே மறுபடியும் ஊர்ந்தது.

‘உந்தி’ என்றேன். ‘உந்தி சிஸ்டர், உந்தி, உந்தி!’ என்று ஓவென்று அழுதுவிட்டேன். பயந்துபோய் அவள் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். டாக்டர் மாதவி சுத்தியலால் தட்டினார். பாதம் மிக லேசாக, கூச்சப்படுகிற மாதிரி, அசைந்தது. ‘சரக்கு வந்து சேர ஆரம்பித்துவிட்டது டீச்சர்’ என்றார்.

சேகர் வராந்தாவிலிருந்தே அத்தைக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். நாங்கள் வீடு வந்து சேர்ந்து, நான் கைப்பிடியைப் பிடித்து முதல் படியில் நிற்கும்போது, மேலே மூன்றாம் மாடியிலிருந்து அத்தையின் குரல் கட்டிடம் முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டுச் சுந்தரி அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

‘எங்க கோமதிக்குத் திமிரு வந்துடுச்சு சுந்தரி! இன்னிக்குத்தான் வந்துச்சாம்! டாக்டரே சொல்லிட்டாங்க!’

சேகர் என் முகத்தைப் பார்த்தார். நான் நின்று முழுசாகக் கேட்டேன். பிறகு காலைத் தூக்கினேன். போதுமான அளவு தூக்கவில்லை போலிருக்கிறது, கட்டைவிரல் படி விளிம்பில் நன்றாக இடிபட்டது. சுள்ளென்று உச்சிவரை ஏறியது.

‘அத்தே!’ என்று கீழேயிருந்து கத்தினேன். ‘வலிக்கு அத்தே!’